பூசை போட்ட டெஸ்ட் டிரைவ் வண்டி

என் அண்ணி தேவிப்பிரியாவுக்குக் கோபமே வராது என்று எங்கள் ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பத்துப் பேர் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் முதல் ஆள் என் சொந்த அண்ணன் மதியழகன். எனக்கு அந்தப் பேர் கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அரூரில் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், அதனால் அது தொழிலுக்கும் கொஞ்சம் உதவுகிறது.

அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவருடைய வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளைப் பொலிரோ, பழசு. கம்பைநல்லூர் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அந்த வண்டியைத் தெரியும். டிரைவர் பக்கத்துக் கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினால்தான் பிடிக்கும். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஏசி எப்போதோ செத்துப்போய்விட்டது. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் சாக்கு விரித்திருப்பார் அண்ணி. உள்ளே ஏறினால் பட்டுக்கூட்டு வாசம் அடிக்கும். பழகாதவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஒரு வேலையிலும் நிலைத்து நிற்காத ஆளாக இருந்தான். கிணற்றடிக் கொல்லையில் மல்பெரி நட்டு, தகரம் போட்ட கொட்டகையில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தது அண்ணிதான். விடியும் முன்னால் தழை அறுப்பது, புழுவுக்குப் போடுவது, படுக்கையைச் சுத்தம் செய்வது, திரும்பவும் தழை. கூடு கட்டி முடித்ததும் குறித்த நாளில் தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் கூட்டைக் குடைந்துகொண்டு பூச்சி வெளியே வந்துவிடும், அப்புறம் அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. வாடகை டெம்போக்காரர் பெரிய ஆட்களின் மூட்டையை முதலில் ஏற்றிவிட்டு, மனது வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் வருவார். ஒரு தடவை அப்படி அவர் வராமல் போய், அண்ணியின் கூடு முழுக்க ஓட்டை விழுந்தது. அன்றைக்கு அண்ணி அழுததை நான் பார்த்தேன். அடுத்த அறுவடை முடிந்ததும் யாரையும் கேட்காமல் அந்தப் பழைய பொலிரோவை வாங்கித் தன் பேரில் பதிந்துகொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

என் அம்மா ஜானகியம்மாள் வெளியே வந்து வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "யாரோ ஓட்டிக் கழிச்ச வண்டி. இதுக்கென்னா பூசை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் ஊரில் யார் ஒரு மொபெட் வாங்கினாலும் பூசணிக்காய் உடைப்பார்கள். அண்ணியின் வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை. அண்ணி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது, இப்போது நினைத்தாலும் எரிகிறது.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பழகினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளே வேலிக்காத்தான் புதருக்குள் கொண்டுபோய் விட்டார். கரையில் நின்று பார்த்தவர்கள், "மதியழகன் பொண்டாட்டி புழுவெல்லாம் வுட்டுட்டு இப்ப முள்ளு வெட்டக் கிளம்பிருச்சி" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் வீட்டுப் பெண்களே பிறகு கூட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வண்டிக்காகக் காத்து நின்றார்கள். செல்லி அக்கா, குள்ளம்மாள் அக்கா, இன்னும் நாலைந்து பேர். யாருக்கும் டெம்போக்காரரைக் கெஞ்ச வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. அதைவிட, அண்ணி பொம்மிடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போக அதற்கு முன்னால் என் அண்ணனிடம் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி வந்த பிறகு மார்க்கெட்டிலிருந்து நேராக அங்கே போய், அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார். சாவியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார்.

இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். அரூர் ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து அண்ணன் பிளாட் புரோக்கர் ஆகிவிட்டான். கூட்டாளி வீரமணி ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கினான். அதோடு பிடித்தது சனி. சைட்டைப் பார்க்க வருகிறவர்கள் வீரமணியின் வண்டிப் பக்கமே போய் நிற்கிறார்களாம், தன்னை அவனுடைய ஆள் என்று நினைத்துவிடுகிறார்களாம். தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், அதுவும் வீரமணியின் வண்டியைவிட ஒரு விரற்கடையாவது உயரமாக வேண்டும். அவன் சம்பாதிக்கிறான், வாங்கட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பள்ளி விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்த அன்று சாயங்காலம், வாசலில் நின்று அவன் சேலம் ஷோரூமோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"காலையில வூட்டுக்கே கொண்டாந்துருங்க. ஓட்டிப் பாத்துட்டு உடனே முடிச்சிரலாம். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பொலிரோ இருக்குதுங்க. ஆமாங்க, வூட்டு வண்டிதான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேராகக் கொட்டகைக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கூடுகளைப் பிரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலைதான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய நாள். கை நிற்கவில்லை, முகம் மட்டும் கறுத்தது.

சோறு போடும்போது கேட்டார். "ஏங்க, பொலிரோவக் குடுக்கறதா சொன்னீங்களாமே."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான். "அந்த ஓட்டை வண்டியெ வெச்சிகிட்டு என்னா பண்ணப் போற? இனிமே நான் கூட்டிட்டுப் போறன். ஏசியில உக்காந்து வா."

"கூடு எதுல போவும்?"

"டெம்போ இருக்குது இல்ல."

"டெம்போக்காரன் வர்ற வரைக்கும் பூச்சி உள்ளேயே உக்காந்துட்டு இருக்குமாங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறன். நீ கையெழுத்து மட்டும் போடு."

அண்ணன் நீட்டிய எதிலும் அண்ணி இதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவன் ரசத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். அண்ணி கண்ணாலேயே என்னை அடக்கினார். அவர் மேலேயும் எனக்கு அப்போது கோபம் வந்தது.

காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. அம்மா பெரிய கோலம் போட்டு, தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை, ஒரு கூடை எலுமிச்சம்பழம், பக்கத்தில் பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அடுப்பில் கேசரி கிண்டியாயிற்று. அண்ணன் அவரிடம் சொன்னது, "நாளைக்கு வண்டி வூட்டுக்கு வருதும்மா" என்று மட்டும்தான். அவர் தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

"அம்மா, இது ஓட்டிப் பாக்க வர்ற வண்டி. ஓட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தாலே வாசல்ல கோலம் போடறோம். வூட்டுக்கு வர்ற வண்டி வெறுமனே நிக்கலாமா? கண்ணு பட்டுரும்."

"அண்ணா, நீயாவது சொல்லேன்."

அண்ணன் கண்ணாடி முன்னால் மீசையைச் சீவிக்கொண்டிருந்தான். "இருந்துட்டுப் போவுது வுடு. எப்பிடியும் வாங்கத்தான போறம்" என்றான். உண்மையைச் சொல்ல அவனுக்கு மனசில்லை. ஊர் வந்து பார்ப்பது அவனுக்கு இனித்தது.

அண்ணி அதற்குள் பொலிரோவில் மூட்டைகளை ஏற்றி முடித்திருந்தார். குள்ளம்மாள் அக்காவின் மூட்டைகளும் ஏறியாயிற்று. ரோட்டு மேல் இருக்கும் செல்லி அக்காவை மட்டும் போகிற வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறும் முன் கிளம்பிவிட வேண்டும் என்று நின்றார். அம்மா விடவில்லை. முதல் ஓட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டுமாம். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டு அவன் செய்த காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. புது வண்டியை நிழலில் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்று, மூட்டை ஏற்றும்போது சாவி வண்டியிலேயே தொங்கியதைப் பார்த்து, மூட்டையோடு இருந்த பொலிரோவை ஷெட்டிலிருந்து எடுத்துக் குப்பைமேட்டுப் பக்கம் வெட்டவெளியில் விட்டான். அண்ணி ஓடிப்போய்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

வண்டி வந்தது. கறுப்பு நிறம், எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கக் கதவிலும் டெஸ்ட் டிரைவ் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், ஷோரூம் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

அண்ணன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சார் வர்லீங்களா?"

"நான்தாங்க சார் சுசித்ரா. நேத்து உங்ககூடப் போன்ல பேசினது நான்தான்."

"ஓ. நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா சேலத்துல இருந்து?"

"தெனமும் இதாங்க சார் வேலை."

அவர் வண்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா பானெட்டில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துவிட்டார். நடுவில் குங்குமம். மாலையைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார். சுசித்ரா பதறிப்போனார். "அம்மா, இது டெஸ்ட் டிரைவ் வண்டிங்கம்மா. நாளைக்கு வேற கஸ்டமர் பாக்கணும்" என்றார்.

"எந்த வண்டியும் மொதல்ல ஓட்டிப் பாக்கத்தாம்மா வரும்" என்று அம்மா கற்பூரத்தை எடுத்தார்.

"கற்பூரம் மட்டும் பானெட்டு மேல வேண்டாங்கம்மா. பெயிண்ட் போனா என் வேலை போயிரும்."

அதற்கு மட்டும் அம்மா இறங்கிவந்தார். கற்பூரத்தைப் பூசணிக்காயின் மேல் ஏற்றிச் சுற்றினார். பூசணிக்காய் உடைந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அண்ணன் ஏறி வண்டியை முன்னால் நகர்த்த, நான்கும் நசுங்கின. தெருவே கேசரி சாப்பிட்டது. "நம்ம வண்டிங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் தலையை ஆட்டினான். வண்டியில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். வீரமணி பார்த்துவிட்டானா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். என் கூடப் பிறந்தவன் இவன்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அண்ணன் ஓட்ட, சுசித்ரா பக்கத்தில் உட்கார, நானும் அண்ணியும் பின்னால் ஏறினோம். பொய் சொல்லக் கூடாது, நல்ல வண்டி. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை, தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. சீட்டு வெண்ணெய் நிறத்தில் மெத்தென்று இருந்தது, அதற்குள்ளிருந்தே குளிர்காற்று வந்தது. எங்கள் ஊர் ரோட்டில் எந்த இடத்தில் என்ன பள்ளம் என்று எனக்கு மனப்பாடம். பொலிரோவில் போனால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து பேர் சொல்லும். இதில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தை யாராவது மூடிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அங்கேயேதான் இருந்தது. அண்ணிக்கு வண்டி ஓட்டி ஓட்டி முதுகுவலி உண்டு. அவர் மெல்லச் சாய்ந்து கண்ணை மூடினார். உடனே நிமிர்ந்து, பின் கண்ணாடி வழியாக வீட்டுப் பக்கம் பார்த்தார். மூட்டைகள் அங்கே வெயிலில் கிடந்தன.

சுசித்ரா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சுற்றி நான்கு பக்கமும் கேமரா, கூரையில் திறக்கிற கண்ணாடி, ராத்திரியில் நிறம் மாறும் விளக்கு. அண்ணன் எல்லாவற்றுக்கும், "இது வீரமணி வண்டியில இல்லீங்களே?" என்று கேட்டான். இல்லை என்றால் சந்தோஷம், இருக்கிறது என்றால் முகம் தொங்கியது.

ரோட்டு மேல் ஏறியதும் புளியமரத்தடியில் செல்லி அக்கா நின்றது தெரிந்தது. காலடியில் இரண்டு கூட்டு மூட்டை. பொலிரோவுக்காக நிற்கிறார்.

"செல்லிக்கா நிக்குது. நிறுத்துங்க" என்றார் அண்ணி.

"எதுக்கு?"

"இன்னும் நேரமாவும்னு சொல்லிட்டுப் போலாம். பாவம், வெயில்ல நிக்குது. முடிஞ்சா மூட்டையெப் பின்னால போட்டுக்கலாம்."

"இந்த வண்டியிலயா?" அண்ணன் கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தான். "சீட்டு கலரப் பாத்தியா? புழு நாத்தத்த இதுலயும் ஏத்தணுமா?"

செல்லி அக்கா வண்டிச் சத்தம் கேட்டுக் கையைத் தூக்கினார். கிட்டே வந்ததும் கறுப்பு வண்டியையும் மாலையையும் பார்த்துவிட்டுத் தூக்கிய கையைச் சட்டென்று கீழே போட்டார். யாரோ பெரிய மனுஷர் வண்டி என்று நினைத்திருக்க வேண்டும். மூட்டையை இழுத்துக்கொண்டு ரோட்டோரத்திலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. நாங்கள் கிளப்பிய புழுதி அவர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார்.

அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. சுசித்ராவிடம், "அந்தப் பழைய பொலிரோவ இன்னிக்கே பாத்து ஒரு ரேட்டு சொல்லிருங்க. முடிஞ்சா கையோட எடுத்துட்டுப் போயிருங்க" என்றான். ஏதோ வீட்டில் சேர்ந்த பழைய பேப்பரைப் போடுகிற மாதிரி சொன்னான். அவன் முதுகில் ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

அண்ணி பேசினார். குரல் உயரவில்லை. "வண்டியெ ஓரமா நிறுத்துங்க. நானும் ஓட்டிப் பாக்கணும்."

அண்ணன் சிரித்தான். "இது ஆட்டோமேட்டிக் தேவி. உனக்கெல்லாம் வராது. பொம்பளைங்க ஓட்டற வண்டியில்ல."

சேலத்திலிருந்து அதை ஓட்டி வந்த பெண் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். சுசித்ரா ஒரு நிமிஷம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம் லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி இடுப்பிலிருந்த சின்னப் பையைத் திறந்து எடுத்துக் காட்டினார். "அப்ப தாராளமா ஓட்டலாங்க. வூட்டுல யார் வேணும்னாலும் ஓட்டிப் பாக்கலாம் சார், அதுக்குத்தான் டெஸ்ட் டிரைவ்."

அந்நிய மனுஷி முன்னால் மாட்டேன் என்று சொல்ல அண்ணனால் முடியவில்லை. இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்குப் பரம திருப்தி.

அண்ணி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். சுசித்ரா கியரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். இடது காலுக்கு வேலையில்லை என்றபோது அண்ணி அந்தக் காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொண்டார். முதலில் ஒரு தரம் பிரேக்கில் குலுங்கியது, அண்ணன் உடனே, "பாத்தியா, பாத்தியா" என்றான். அதற்கப்புறம் குலுங்கவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் அண்ணியின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. கண்ணாடியில் நான் பார்த்தேன். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்த சிரிப்பு. அண்ணன் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கொஞ்ச தூரம் போய் அண்ணி வண்டியைத் திருப்பினார். நேராகப் புளியமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். செல்லி அக்கா இன்னும் பின்னால் நகர்ந்தார். அண்ணி இறங்கி, "செல்லிக்கா, நான்தான். மூட்டையெ எடுங்க" என்றார்.

"தேவியா? இது யாரு வண்டி? வேணாம் தேவி, அழுக்காயிரும்."

"தேவி, என்னா பண்ற?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினான்.

"ஓட்டிப் பாக்கறங்க. வாங்கறதுன்னா நம்ம வேலைக்கு ஆவுதான்னு பாக்கணும் இல்ல."

சுசித்ரா ஒரு கணம் யோசித்தார். அவருக்கும் வேலை போகக் கூடாது. பிறகு பொத்தானை அழுத்தினார். பின்கதவு தானாக மேலே போனதைப் பார்த்து செல்லி அக்கா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டிக்கியில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து விரித்து, "இதுல வெச்சிக்கோங்க மேடம்" என்றார் சுசித்ரா. பின்னால் இன்னொரு வரிசை சீட்டு நிமிர்ந்து நின்றதால் ஒரு மூட்டைதான் கொண்டது. இரண்டாவது மூட்டையை அண்ணி கொண்டுவந்து என் அண்ணனின் மடியில் வைத்தார்.

"அமுக்காதீங்க. கூடு நசுங்கிரும்" என்றார்.

செல்லி அக்கா சீட்டின் நுனியில் பாதி உட்கார்ந்து வந்தார். நடுவில் அண்ணன், வெள்ளைச் சட்டையில் சாக்கு மூட்டையை அணைத்துக்கொண்டு. வண்டி முழுக்கக் கூட்டு வாசம் பரவியது.

வீட்டு வாசலில் கூட்டம் கலையவில்லை. வண்டி நின்றதும் அண்ணன் மூட்டையைச் செல்லி அக்கா கையில் திணித்துவிட்டு இறங்கினான். "ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட" என்று பல்லைக் கடித்தான். அண்ணி அவனைத் தாண்டிப் பொலிரோவுக்குப் போனார். தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கூடு சூடேறியிருந்தது.

அப்போதுதான் அந்தக் கோபத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றார்.

"என் வண்டி பிடிக்கலன்னா எங்கிட்டச் சொல்லுங்க. கூட்ட எதுக்குங்க வெயில்ல வெச்சீங்க? இந்தக் கூடு இல்லன்னா நீங்க மொதல்ல பிளாட்டு பாக்கப் போன பைக்கு எங்க இருந்து வந்துச்சி? பாதி மூட்டை குள்ளம்மாளக்காவுது. அவங்களுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லணுமா?"

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குள்ளம்மாள் அக்கா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "உள்ள போயிப் பேசிக்கலாம். மொதல்ல சாவியக் குடு. இவங்க வண்டியப் பாத்து ரேட்டு போடணும்" என்று கையை நீட்டினான்.

நான் சுசித்ராவைப் பார்த்தேன். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியிடம் வந்து, "மேடம், இந்த வண்டி எக்ஸ்சேஞ்சுக்கு வருதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அண்ணி.

அவ்வளவுதான். நீட்டிய கை நீட்டியபடி அண்ணன் நின்றான்.

அம்மாவுக்கு வேறு கவலை. "பூசை போட்ட வண்டியெ வாசல்ல இருந்து திருப்பி அனுப்பினா நல்லதில்ல தேவி. ஊரு என்னா பேசும்?" என்றார்.

"திருப்பி அனுப்பச் சொல்லலீங்க அத்தெ. நல்ல வண்டிங்க. அவரு வாங்கட்டும். என்னுதக் குடுக்காம வாங்கட்டும்."

சொல்லிவிட்டு அம்மாவின் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். நசுங்காமல் மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்கள் அதில் கிடந்தன. நான்கை எடுத்துக்கொண்டார். அம்மா கூடையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். "அது பூசைக்கு வாங்கினது."

"இதுவும் வண்டிதாங்க அத்தெ" என்றார் அண்ணி.

குப்பைமேட்டுப் பக்கம் போய்க் குனிந்து, பொலிரோவின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாகத் தானே வைத்தார். சந்தனம் இல்லை, கற்பூரம் இல்லை. செல்லி அக்கா தன் மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பின்னால் சாக்கில் உட்கார்ந்தார். குள்ளம்மாள் அக்காவும் ஏறினார். நான் முன்னால் ஏறினேன். அண்ணி கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நான்கு பழமும் நசுங்க வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது அம்மா கூடையோடு அங்கேயே நின்றிருந்தார். சுசித்ரா ஈரத்துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கம்பைநல்லூரைத் தாண்டினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் நாங்கள் எல்லோரும் எழும்பி விழுந்தோம். அண்ணி ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது நல்ல வண்டி ராணி. முதுகு வலிக்கவே இல்ல" என்றார்.

"தெரியும் அண்ணி. நீங்க ஓட்டும்போது பாத்தன்."

அண்ணி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இது உனக்குத்தான் வாங்கறன், நீ ஓட்டுன்னு அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் பொலிரோவ நானே குடுத்திருப்பன்."

மூட்டைகளுக்குக் காற்று போகட்டும் என்று என் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் சுற்றி முழுக்க இறக்கிவிட்டேன்.